கால் விறைக்கிறதா? சாக்ஸைத் தூக்கி எறியாதீர்கள்

குளிர்காலத்தில் மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்ததும் எல்லோரும் செய்கிற காரியம் ஒன்றுதான். ஷூவை உதறிக் கழற்றி, சாக்ஸை உருவிச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டு, விறைத்த காலோடு வெந்நீரைத் தேடி ஓடுவது. அடுத்த வாரம் தடியான சாக்ஸ் ஒன்று வாங்குவது. அதுவும் போதவில்லையா, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு. நானும் இரண்டு குளிர்காலம் இப்படித்தான் ஓட்டினேன். கால் சூடாகவில்லை, முன்பைவிடச் சீக்கிரமாக மரத்துப்போனதுதான் மிச்சம்.

எறிந்த அந்த சாக்ஸ்தான் பரிசோதனை ரிப்போர்ட் என்பது அப்புறம்தான் புரிந்தது. ஷூவைக் கழற்றியதும் சாக்ஸை உருவாமல், காலில் இருக்கும்போதே உள்ளங்கையால் தடவிப் பாருங்கள்.

விரல் பக்கமும் மேற்பாதமும் சொட்டச் சொட்ட நனைந்து, குதிகால் காய்ந்திருக்கிறதா? முன்சக்கரம் வாரி அடித்த தண்ணீர். கணுக்காலில் தொடங்கிக் குதிகால்வரை ஈரமா? தண்ணீர் மேலிருந்து வழிந்து இறங்கியிருக்கிறது. முன்பாதத்துக்கு அடியில் மட்டும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரமா? கிளீட் ஓட்டை, அதாவது பெடலோடு பூட்டிக்கொள்ளும் உலோகக் கொக்கியை ஷூவின் அடியில் திருகும் இடம். எல்லா இடமும் ஒரே சீராக நசநசவென்று, ஷூவின் வெளிப்பக்கம் மட்டும் காய்ந்திருந்தால் மேகத்தையோ பாதையையோ குறை சொல்லாதீர்கள், அது உங்கள் வியர்வை. சாக்ஸ் முழுக்கக் காய்ந்திருந்தும் கால் ஐஸ்கட்டியாக இருந்தால் ஈரத்தை விட்டுவிட்டு ரத்தத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இதோடு இன்னொரு கேள்வி: குளிர் எப்போது ஆரம்பித்தது? கிளம்பிய பத்து நிமிடத்திலா, ஏற்றம் முடிந்து இறங்கும்போதா, முதல் குட்டையைத் தாண்டிய பிறகா? இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால் கீழே உங்கள் பிரச்சினையை மட்டும் தேடிப் படித்தால் போதும்.

சாக்ஸ் காய்ந்தே இருக்கிறது, ஆனாலும் கால் மணி நேரத்தில் விரல் மரத்துவிடுகிறது

பத்தில் எட்டுப் பேருக்கு இதற்குக் காரணம் இறுக்கம் என்றுதான் சொல்வேன். கணக்கெடுத்துச் சொல்லவில்லை, கூட ஓட்டுகிறவர்களைப் பார்த்துச் சொல்கிறேன்.

நடக்கும்போது பாதம் வளைகிறது, விரல்கள் மடங்கி விரிகின்றன. சைக்கிளில் அந்த வேலையே இல்லை. விறைப்பான அடிப்பகுதி உள்ள ஷூவுக்குள் பாதம் அசையாமல் கிடக்கிறது. முன்பாதம் பெடல்மேல் அழுந்தியபடியே இருக்கிறது. ரத்தம் ஏற்கெனவே தயங்கித் தயங்கித்தான் விரல் நுனிக்குப் போகிறது. கோடையில் கச்சிதமாக இருந்த ஷூவுக்குள் தடியான சாக்ஸைத் திணித்தால் அந்தக் கொஞ்ச ரத்தமும் நிற்கும். போதாக்குறைக்கு, சாக்ஸ் சூடு தருவது அதற்குள் தங்கியிருக்கும் காற்றால்தான். நசுங்கிப்போன சாக்ஸில் காற்று ஏது?

சோதிப்பது சுலபம். ஷூவை முழுக்க மாட்டிக்கொண்டு, ஆர்மோனியக் கட்டையை அழுத்துவதுபோல ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆடவில்லையென்றால் இடம் இல்லை. வழியில் மரத்துப்போனால் நாடாவையோ ஷூவை இறுக்கும் டயலையோ நன்றாகத் தளர்த்திவிட்டு ஓட்டுங்கள். பத்து நிமிடத்தில் விரலுக்கு உயிர் வந்தால் குற்றவாளி பிடிபட்டான். தடி சாக்ஸைக் கழற்றி நடுத்தரமான மெரினோ கம்பளி சாக்ஸ் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், சூடு கூடும். நம்பக் கஷ்டமாக இருக்கும்தான்.

குளிர்காலத்துக்கென்று தனி ஷூ வாங்குகிறவர்கள், போடப்போகிற சாக்ஸைக் கையோடு கொண்டுபோய், சாயங்காலமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பகல் முழுக்க நின்ற கால் கொஞ்சம் உப்பியிருக்கும். வழக்கமான அளவைவிட ஒன்று பெரிதாக எடுக்க நேர்ந்தால் தயங்க வேண்டாம். சந்தேகமாக இருந்தால் இன்சோலை, அதாவது ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையை, வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் சாக்ஸோடு நில்லுங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல்கடை மிச்சம் இருக்க வேண்டும், பக்கவாட்டில் பாதம் வெளியே வழியக்கூடாது.

இறுக்கம் இல்லையா? அப்படியானால் காலை விட்டுவிட்டு மேலே பாருங்கள். வருமானம் குறைந்த வீட்டில் எந்தச் செலவை முதலில் வெட்டுவார்களோ அதையேதான் உடம்பும் செய்கிறது. நெஞ்சும் வயிறும் குளிர்ந்தால் கை கால் விரல்களுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, இருக்கிற சூட்டை உள்ளே வைத்துக்கொள்கிறது. அரைக்கால் டவுசரும் விலை உயர்ந்த பூட்ஸும் போட்டுக்கொண்டு "கால் குளிருது" என்று புலம்புகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். கணுக்காலிலும் முன்னங்காலிலும் சதையும் கொழுப்பும் குறைவு, ரத்தக்குழாய் தோலுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. அங்கே குளிர்ந்த ரத்தம்தான் விரலுக்குப் போகிறது. முழங்காலையும் கணுக்காலையும் மூடுகிற நீளமான டைட்ஸ், காற்றுப் புகாத ஒரு கையில்லா ஜாக்கெட், ஹெல்மெட்டுக்கு அடியில் மெல்லிய குல்லா. விரலுக்கு மருந்து பல சமயம் இவைதான்.

இன்னொரு சில்லறைக் காரணம்: ஷூ ராத்திரி முழுக்க எங்கே இருந்தது? வாசலிலோ சைக்கிள் நிறுத்தும் கொட்டகையிலோ கிடந்த ஷூ பனிக்கட்டி மாதிரி இருக்கும். அதைச் சூடாக்கவே உங்கள் காலின் சூடு செலவாகிவிடும். முந்தின நாளே வீட்டுக்குள் எடுத்து வையுங்கள்.

ஏறும்வரை கால் கதகதவென்று இருந்தது, இறங்க ஆரம்பித்ததும் போய்விட்டது

இது வியர்வை. இரண்டு பாதத்திலும் சேர்த்து இரண்டரை லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருப்பதாகச் சொல்வார்கள். நாற்பது நிமிட ஏற்றத்தில் அவை சும்மா இருக்காது. மேலே போய்ச் சேரும்போது சாக்ஸ் ஈரம், ஆனால் உடம்பு உலையாகக் கொதிப்பதால் தெரியவில்லை. இறக்கத்தில் பெடல் மிதிப்பது நிற்கிறது, சூடு உற்பத்தி நிற்கிறது, எதிர்காற்று மட்டும் கூடுகிறது. தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஈர சாக்ஸோடு இறங்குவது எவ்வளவு மோசம் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

பருத்தி சாக்ஸ் போட்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். பருத்தி தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு தோலோடு ஒட்டிக் கிடக்கும். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்ட பிறகும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது, ஓரளவு சூட்டையும் விடாது.

அடுத்தது நேரம். ஏற்றத்தில், ஷூவுக்கு மேல் மாட்டும் உறையின் ஜிப்பைப் பாதி திறந்து வையுங்கள், ஜாக்கெட்டையும் திறந்துவிடுங்கள். உச்சிக்குப் போனதும் போட்டோ எடுப்பதற்கு முன்பு எல்லாவற்றையும் மூடுங்கள். குளிர ஆரம்பித்த பிறகு மூடினால் உள்ளே அடைபடுவது குளிர்தான். இறக்கம் நீளமானது என்றால் மேலேயே சாக்ஸ் மாற்றிவிடுவேன். மூன்று நிமிட வேலை. கூட வருகிறவர்கள் முதல் தடவை சிரிப்பார்கள், இரண்டாம் தடவை அவர்கள் பையிலும் ஒரு ஜோடி இருக்கும்.

கடும் உறைபனியில், அதாவது மைனஸ் பத்து டிகிரி செல்சியஸுக்குக் கீழே, தலைகீழான ஒரு உத்தி உண்டு. மெல்லிய சாக்ஸ், அதன்மேல் பாலித்தீன் கவர், அதன்மேல் தடியான கம்பளி சாக்ஸ். உள் சாக்ஸ் நனையும், ஆனால் சூட்டைப் பிடித்து வைக்கிற வெளி சாக்ஸும் ஷூவும் காய்ந்தே இருக்கும். கொஞ்சம் பிசுபிசுக்கும், ஆனால் வேலை செய்யும். சுழியத்துக்கு மேலே இதைச் செய்தால் கால் வெந்து போகும், வேண்டாம்.

மழையே இல்லை, இருந்தும் விரல் பக்கம் தொப்பலாக நனைந்திருக்கிறது

மட்கார்டு போடுங்கள். முன் ஃபோர்க்கில் மாட்டுகிற குட்டிப் பிளாஸ்டிக் தகடு கண்ணைக் காப்பாற்றும், காலைக் காப்பாற்றாது. சக்கரத்தின் பின்பக்கம் கீழேவரை இறங்குகிற நீளமானது வேண்டும். சேறும் இலையும் சிக்காதபடி டயருக்கும் அதற்கும் நடுவே தாராளமாக இடைவெளி விடுங்கள். அழகாக இருக்காது. சுழியத்துக்கு மேலே இரண்டு மூன்று டிகிரியில் சகதி தெறிக்கும் நாள், மைனஸ் எட்டில் காய்ந்த பனிமேல் ஓட்டும் நாளைவிடக் காலுக்குக் கொடுமையானது. அந்த நாளில் அழகைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

கோடைக்கால ஷூவின் முன்பக்கம் வலைத்துணியாக இருந்தால் ரப்பர் மாதிரியான நியோப்ரீன் விரல் உறை ஒன்றை ஷூவின் முன்பக்கம் மாட்டலாம். முழு ஷூ உறை இன்னும் நல்லது, ஆனால் மலைப்பாதையில் இறங்கித் தள்ளி நடக்கிறவர்களுக்கு அதன் அடிப்பகுதி பாறையில் உரசி ஒரே பருவத்தில் கிழிந்துவிடும். அடியில் தடித்த ரப்பர் உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.

வாட்டர்ப்ரூஃப் பூட்ஸ்தான், ஆனால் உள்ளே குளம்

என் கதையையே சொல்கிறேன். புது பூட்ஸ், கோர்-டெக்ஸ் ஜவ்வு வைத்தது, அதாவது தண்ணீரைத் தடுத்து வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடுவது. முதல் மழை நாளில் இரண்டு மணி நேரம் ஓட்டியதும் ஒவ்வொரு மிதிக்கும் சளக் சளக் என்று சத்தம். ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து சாக்ஸைத் தடவினால் கணுக்காலும் குதிகாலும் ஊறிக் கிடக்கின்றன, விரல் பக்கம் அவ்வளவு இல்லை. மறுநாள் ஒரு வாளியில் கணுக்கால் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் நிரப்பி, காய்ந்த சாக்ஸோடு அதே பூட்ஸைப் போட்டுப் பத்து நிமிடம் நின்றேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை. பூட்ஸ் நிரபராதி. டைட்ஸின் கீழ்விளிம்பைப் பூட்ஸுக்குள் செருகியிருந்தேன். தொடையில் விழுந்த மழையெல்லாம் டைட்ஸ் வழியாக இறங்கி, நேராக உள்ளே.

ஓட்டுக்கூரையைப் பாருங்கள். மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். காலிலும் அப்படித்தான் இருக்க வேண்டும்: மழைக்கால்சட்டை பூட்ஸுக்கு வெளியே, அதன்மேல் கணுக்காலில் வெல்க்ரோ பட்டை. சாக்ஸின் கழுத்து ஒருபோதும் வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. எட்டிப் பார்த்தால் அது விளக்குத் திரி மாதிரி தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். சீல்ஸ்கின்ஸ் மாதிரியான நீர்புகா சாக்ஸுக்கும் இதே விதிதான். மேலே திறந்திருக்கிற எதுவும் மேலிருந்து நிரம்பும். நிரம்பிய பிறகு அதே ஜவ்வு தண்ணீரை வெளியே போகவும் விடாது.

வாளிச் சோதனையில் உங்கள் பூட்ஸ் தோற்றால் அது நிஜமாகவே ஒழுகுகிறது. நீர்புகா சாக்ஸ் என்றால், உள்ளே டிஷ்யூ பேப்பரைத் திணித்துத் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். நனைந்த இடம்தான் ஓட்டை. பெரும்பாலும் பெருவிரல் நகம் குத்திய இடமாக இருக்கும். நகத்தை வெட்டிவிட்டுப் போடுங்கள். துணியை மிருதுவாக்கும் திரவத்தில் அலச வேண்டாம்.

பூட்ஸின் மேல்துணி தண்ணீரை உருண்டோட விடாமல் உறிஞ்சிக் கருத்துப்போகிறது என்றால், ஜவ்வு ஒழுகாவிட்டாலும் உள்ளிருக்கும் வியர்வை ஆவி வெளியேற வழி அடைபடும். சேற்றைக் கழுவிக் காயவைத்து, நீர்விலக்கி ஸ்பிரே அடிக்க வேண்டிய நேரம் அது.

முன்பாதத்துக்கு அடியில் மட்டும் ஒரு குளிர்ப்பொட்டு

கிளீட் ஷூ போடுகிறவர்களுக்கு மட்டும் வரும் வியாதி. இன்சோலைத் தூக்கிப் பாருங்கள். கீழே இரண்டு நீளமான பிளவுகள், அவற்றுக்குள் உலோகத் தகடும் திருகாணி முனைகளும் தெரியும். ஒரு பக்கம் உங்கள் கால், மறுபக்கம் உறைந்துபோன உலோக பெடல், நடுவில் இந்த உலோகப் பாலம். சூடு அந்த வழியாகப் போகும், தண்ணீர் அதே வழியாக வரும். ஷூ வந்தபோது பிளவின்மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை, கிளீட்டை நகர்த்தும்போது நீங்களே பிய்த்து எறிந்திருப்பீர்கள்.

சரிசெய்ய ஒரு மாலை நேரம் போதும். கிளீட் இருக்க வேண்டிய இடத்தை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள், ஒட்டிய பிறகு நகர்த்தினால் எல்லாம் மறுபடி. திருகாணிகளைக் கழற்றி மரையில் கிரீஸ் தடவித் திரும்ப முடுக்குங்கள். துருப்பிடிக்காது, ஈரமும் மரை வழியாக ஏறாது. உள்பக்கத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து நன்றாகக் காயவிட்டு, நீர்புகா டேப்பை இரண்டு அடுக்காக, பிளவைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக இருக்கும்படி ஒட்டி, கரண்டியின் பின்புறத்தால் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். அதன்மேல் கம்பளி ஃபெல்ட் இன்சோல், அல்லது அடியில் அலுமினியத் தாள் ஒட்டிய இன்சோல். பழைய இன்சோலை எடுத்துவிட்டுத்தான் இதைப் போட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் இடம் குறைந்து முதல் பிரச்சினைக்கே திரும்பிவிடுவீர்கள்.

இத்தனை வேலை பார்க்க மனமில்லையென்றால் குளிர்காலத்துக்கு மட்டும் தட்டை பெடலுக்கு மாறுங்கள். நான் மாறிவிட்டேன். நைலான் உடம்புள்ள பெடல் அலுமினியத்தைப்போலச் சூட்டை இழுக்காது. ஓட்டையில்லாத அடிப்பகுதி உள்ள எந்த நடைப் பூட்ஸையும் போடலாம். விரல் மரத்தால் குதித்து இறங்கி ஐந்து நிமிடம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேடேறலாம். கடைகளில் கிடைக்கும் எந்த ஹீட்டரைவிடவும் அந்த ஐந்து நிமிட நடை நன்றாக வேலை செய்கிறது. கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்து ரத்தத்தை இறைக்கிறது, விரல்களும் மடங்குகின்றன.

சூட்டுப்பை வைத்தேன், சூடே வரவில்லை

குலுக்கினால் சூடாகும் அந்தப் பைக்குள் இருப்பது இரும்புத் தூள். அது துருப்பிடிக்கும்போது வெளிவருவதுதான் சூடு, துருப்பிடிக்கக் காற்று வேண்டும். இறுக்கமான, நீர்புகாத பூட்ஸுக்குள் காற்று எங்கிருந்து வரும்? கைக்கான பையை ஷூவுக்குள் திணிக்காதீர்கள். குறைந்த காற்றிலும் வேலை செய்யும்படி கால்விரலுக்கென்றே தயாரித்தது தனியாக உண்டு. போடுவதற்கு முன் வெளியே பத்து நிமிடம் வைத்துச் சூடேற்றி, சாக்ஸுக்கு வெளியே, விரல்களின் மேற்பக்கம் ஒட்டுங்கள். அடியில் ஒட்டினால் நசுங்கும், உறுத்தும். வெறும் தோலில் வைத்தால் மரத்த கால் சுடுவதைச் சொல்லாது, கொப்புளம்தான் சொல்லும்.

மின்சாரத்தில் சூடாகும் சாக்ஸ் நல்ல சாமான்தான். லித்தியம் பேட்டரி குளிரில் சோர்ந்துபோகும் என்பதால் பெட்டியில் போட்டிருக்கும் நேரத்தை நம்பி வழி போட வேண்டாம்.

ஒரு கால் மட்டும் மரக்கிறது

குளிர் இரண்டு காலுக்கும் ஒன்றுதான். அந்த ஒரு ஷூவின் இறுக்கம், கிளீட் இடம், சாக்ஸில் விழுந்த மடிப்பு ஆகியவற்றைப் பாருங்கள். நிறையப் பேருக்கு ஒரு பாதம் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது. கோடையிலும் அதே கால் மரத்தால் அது நரம்பு அழுந்துவதாக இருக்கலாம். கிளீட்டைக் குதிகால் பக்கமாகச் சில மில்லிமீட்டர் நகர்த்திப் பாருங்கள்.

ஓடையில் கால் முங்கிவிட்டது, வீடு இன்னும் ஒன்றரை மணி நேரம்

பையின் அடியில் ஒரு ஜோடி சாக்ஸும் இரண்டு பாலித்தீன் கவரும் எப்போதும் கிடக்கட்டும். கரையேறியதும் நில்லுங்கள், "ஓட்டினால் சூடாகிவிடும்" என்று கிளம்பாதீர்கள். ஷூவைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டி, இன்சோலை எடுத்துப் பிழிந்து, காலைத் துடைத்து, காய்ந்த சாக்ஸ், அதன்மேல் கவர், பிறகு ஈர ஷூ. கவர் இல்லாவிட்டால் புது சாக்ஸும் இரண்டு நிமிடத்தில் நனைந்து, மாற்றியதற்கே அர்த்தம் இல்லாமல் போகும். மாற்ற எதுவும் இல்லையா? சாக்ஸை முறுக்கிப் பிழிந்து மறுபடி போடுங்கள், கம்பளியாக இருந்தால் அதுகூட ஓரளவு காப்பாற்றும்.

விரலின் நிறம் மாறியிருக்கிறது

இங்கே விளையாட்டு இல்லை.

விரல் வெளுத்து, பிறகு நீலம் பாரித்து, சூடானதும் சிவந்து குத்தினால், அதுவும் கொஞ்சக் குளிருக்கே அடிக்கடி வந்தால், ரேனோ நோயாக இருக்கலாம். மோரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-இல் விவரித்தது. சாக்ஸ் மாற்றித் தீராது, மருத்துவரிடம் காட்டுங்கள். புகை பிடிப்பது ரத்தக்குழாயை இன்னும் சுருக்கும்.

வீட்டுக்கு வந்து சில மணி நேரம் கழித்து விரலில் சிவந்த, அரிக்கிற தடிப்புகள் வந்தால் அது குளிர்ப்புண். சட்டென்று வெந்நீரிலோ ஹீட்டர் முன்னாலோ காலை நீட்டுகிற பழக்கம் அதை மோசமாக்கும். மெதுவாகச் சூடாக்குங்கள், சொறியாதீர்கள்.

தோல் மெழுகுபோல வெளுத்து, கெட்டியாகி, உணர்ச்சியே இல்லையென்றால் பனிக்கடி. தேய்க்கக் கூடாது, பனியால் உரசுவது அதைவிட ஆபத்து. மறுபடி உறைய வாய்ப்பில்லாத இடத்துக்குப் போன பிறகே 37 முதல் 39 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பான நீரில் காலை வைக்க வேண்டும். சூட்டைப் பாதிக்கப்படாத கையோ தெர்மாமீட்டரோ பார்க்கட்டும், மரத்த கால் பொய் சொல்லும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம் இது.

நேற்று நனைந்த ஷூ இன்றும் காயவில்லை

ஈர ஷூவோடு கிளம்பினால் மேலே சொன்ன எதுவும் உதவாது. வந்த உடனே இன்சோலை எடுத்துத் தனியாக நிறுத்துங்கள், நாடாவை முழுக்கத் தளர்த்தி நாக்கை வெளியே இழுத்துவிடுங்கள். செய்தித்தாளைக் கசக்கி விரல் நுனிவரை திணியுங்கள். அரை மணி நேரத்தில் அது ஊறிவிடும், எடுத்துப் புதிதாக வையுங்கள், படுக்கப் போகும்முன் இன்னொரு தடவை. அடுப்புக்கும் ஹீட்டருக்கும் பக்கத்தில் வைத்தால் பசை விட்டு அடிப்பகுதி பிளந்துகொள்ளும், தோல் என்றால் வெடிக்கும். மின்விசிறிக்கு முன்னால் வைப்பது மெதுவானாலும் ஷூ பிழைக்கும். காலையில் வெளிப்பக்கத்தைத் தொட்டு ஏமாறாதீர்கள். கையை உள்ளே விட்டு, பெருவிரல் போய் முட்டும் அந்த மூலையைத் தொடுங்கள். அது சில்லென்று இருந்தால் இன்னும் ஒரு தாள் வைக்க வேண்டும்.